உமி எந்த ஊரில் விழுகிறது?

மலையும் சந்தையும் – 11

சென்ற வாரம் சாமை மூட்டையோடு போளூர் வரை இறங்கி வந்தோம். இந்த வாரம் அது வந்த வழியே மேலேறி ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குப் போவோம்.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் மழையை நம்பி விதைக்கும் பயிர்களில் முக்கியமானது சாமை. விளைவிப்பதே பாடு. அதை அரிசியாக்குவது அதைவிடப் பெரிய பாடு. கடுகளவு மணி, அதன்மேல் வழுவழுவென்று இறுகிக் கிடக்கும் உமி. உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, கடைசியில் கல் பொறுக்கவும் வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குள் தோள் கழன்றுவிடும். இத்தனையும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. சாமையை உமியோடு வியாபாரிக்குப் போட்டுவிட்டு ரேஷன் அரிசியை உலையில் இடும் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. உமி நீக்கிய பிறகு கூடுகிற விலையெல்லாம் கீழே இருப்பவர்களுக்குப் போனது.

போதாக்குறைக்கு முன்பணம். விதைப்புக்கும் வைத்தியத்துக்கும் கை நீட்டி வாங்கியவர், அறுவடையைச் சொன்ன விலைக்கு அளந்து கொடுத்தாக வேண்டும். உள்ளூரில் நடக்கிற சிறு வியாபாரம் எல்லாமே ஊருக்கு நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் தராசைக் கைமாற்ற ஒரு வழி இருக்கிறது. ஒய்.கே. அலக் குழுவின் பரிந்துரைப்படி 2002இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, உற்பத்தியாளர் நிறுவனம் என்ற அமைப்பு வந்தது. பத்து உழவர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஜவ்வாது மலைப் பழங்குடி உழவர்களும் இப்படியொரு நிறுவனத்தில் பங்குதாரர்கள். சாமை, தேன், புளி என்று மலையின் விளைபொருள்கள் அதன் வழியே சந்தைக்கு வருகின்றன.

கல் நீக்க ஒரு மிஷின், உமி நீக்க ஒன்று, தரம் பிரிக்கச் சல்லடை. சாமை அரவைக்கு அடிப்படை இவ்வளவுதான். ஆனால் அது மலைமேல் ஓடும்போது எடை போடுபவர், மிஷின் ஓட்டுபவர், பாக்கெட் கட்டுபவர், கணக்கு எழுதுபவர் என்று ஊருக்குள்ளேயே சிலருக்குச் சம்பளம் கிடைக்கிறது. அந்தச் சம்பளம் டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் மறுபடி செலவாகிறது. உமிகூட உள்ளூர் எருக்குழிக்குத்தான் போகும்.

மலையில் வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2015 ஏப்ரல் 7 நமக்குக் காட்டியது. அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலைக் கிராமத்தினரும் அவர்களில் இருந்தார்கள். கூலிக்காக ஏஜென்டுகளை நம்பி மலையிறங்கும் குடும்பங்களைப் பற்றி அப்போதுதான் பலரும் பேசத் தொடங்கினார்கள். ஒரு அரவை மில் அத்தனை பேருக்கும் வேலை தந்துவிடாது. அப்படி நாலைந்து தொழில்கள் சேர்ந்தால் ஏஜென்டிடம் 'வரமாட்டேன்' என்று சொல்லும் தெம்பு வரும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பீமன் அருவிக்கோ காவலூர் வானாய்வகத்துக்கோ போகிறவர்கள் ஜமுனாமரத்தூரில் வண்டியை நிறுத்தி மலை மக்களிடமே சாமை வாங்குங்கள். எங்கே அரைத்தது, எப்போது அரைத்தது என்று கேட்டு வாங்குங்கள். தவிடு நீக்காத சாமை சீக்கிரம் சிக்கடித்துப் போகும். ஒரு மாதத்துக்கு வேண்டியது போதும்.

(அடுத்த வாரம்: புளி)