காரைப்பேட்டையில் ஒரு மருத்துவமனை

தகவல் துளி. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, முதலமைச்சராக இருந்தபோதே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளானார். 1968 செப்டம்பரில் நியூயார்க் வரை சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டும் பலனில்லை. 1969 பிப்ரவரி 3-ல் மறைந்தார். அதே ஆண்டு அவர் நினைவாக, ஊருக்கு வெளியே காரைப்பேட்டையில் எழுந்ததுதான் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. சிலையைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் என்றே சொல்லலாம்.

மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் இயங்கும் இந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு மூன்றும் உண்டு. கதிர்வீச்சுக்கு வருபவரின் தோலில் மையால் கோடு போடுவார்கள். கதிர் தினமும் அதே இடத்தில் படவேண்டுமே! சிகிச்சை முடியும்வரை அந்தக் கோட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் நீளும் சிகிச்சை என்பதால், பக்கத்திலேயே மருத்துவமனை இருப்பது பெரிய வசதி.

நேயர்களே, வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, இவற்றில் எது தென்பட்டாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.