மேகத்தில் வைத்த படங்கள் யாருடைய வீட்டில் இருக்கின்றன?

பெருநாளன்று புத்தாடை உடுத்திய பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். சில மாதங்களின் பின் அந்தக் கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்து பழுதாகிவிடுகிறது. புதிதாக ஒன்றை வாங்கி, உங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் பழைய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. "இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்கே இருந்தது?" என்று மகனிடம் கேட்டால், "கிளவுட்டில் உம்மா" என்று சொல்லிவிட்டு அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

கிளவுட் என்றால் மேகம். தமிழில் இதனை மேகக் கணிமை என்கிறார்கள். ஆனால் சகோதரிகளே, இந்த மேகம் வானத்தில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், பெரிய பண்டகசாலை போன்ற கட்டிடமொன்றில், அலுமாரி அலுமாரியாக அடுக்கப்பட்டு இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள்தான் அது. அவை சூடேறாமலிருக்கக் குளிரூட்டிகளும், மின்சாரம் தடைப்பட்டால் இயங்க மின்பிறப்பாக்கிகளும் அங்கே உண்டு. உங்கள் படம் அங்கே போய்ச் சேர்வதும் ஆகாய மார்க்கமாக அல்ல. கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கம்பிகள் போன்றவற்றின் வழியாகத்தான். அப்படியானால் மேகம் என்ற பெயர் எப்படி வந்தது? பொறியியலாளர்கள் வரைபடம் கீறும்போது, விபரம் தேவையில்லாத வலையமைப்பை ஒரு மேகமாக வரைந்துவிடுவது வழக்கம். அந்தப் படமே பெயராக நிலைத்துவிட்டது.

இது ஏதோ நேற்றுப் பிறந்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1950களில் ஒரு கணினி ஒரு முழு அறையையே அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ பெரிய நிறுவனங்களாலும் பல்கலைக்கழகங்களாலும் மட்டுமே தாங்கக் கூடியது. கணக்குச் செய்ய விரும்பும் ஆராய்ச்சியாளர் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சிலவேளை அடுத்த நாள்வரை காத்திருப்பார். ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து!

இந்தத் தொல்லைக்கு ஐக்கிய அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான்கு பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு ஊட்டும் தாயை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை மென்று விழுங்குவதற்குள் அடுத்த பிள்ளையின் வாயில் ஒரு கவளம். எந்தப் பிள்ளையும் காத்திருந்ததாக உணர்வதில்லை. அதேபோல ஒரே கணினி பலருடைய வேலையையும் கணத்துக்குக் கணம் மாறி மாறிச் செய்துகொடுக்கும் முறையை பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவரது குழுவினரும் 1961 நவம்பரில் இயக்கிக் காட்டினர். அதே வருடம் அங்கே உரையாற்றிய ஜோன் மெக்கார்த்தி என்ற அறிஞர், தொலைபேசிச் சேவையைப் போலக் கணினியின் ஆற்றலும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்றார். மின்சாரத்துக்காக யாரும் வீட்டில் மின்நிலையம் கட்டுவதில்லையே; பாவித்த அளவுக்குப் பட்டியல் வருகிறது, கட்டுகிறோம். மேகக் கணிமையின் மூலக்கருத்தும் இதுதான்.

பலர் ஒரு கணினியைப் பங்கிட்டபோது, ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காமலிருக்க ஒரு பூட்டு தேவைப்பட்டது. நாம் இன்று பாவிக்கும் கடவுச்சொல் அந்த எம்.ஐ.டி. கணினியோடுதான் நடைமுறைக்கு வந்தது எனலாம். அந்தப் பூட்டு ஒருமுறை சிரிப்புக்கிடமாகத் திறந்தும் போனது. 1960களில் ஒருநாள், உள்ளே வருவோருக்குக் காட்டப்படும் அன்றைய அறிவித்தலும், கடவுச்சொற்கள் எழுதிய கோப்பும் தவறுதலாக இடம்மாறிவிட்டன. அன்று கணினியைத் திறந்தவர்களெல்லாம் அறிவித்தலுக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களையும் வாசித்தார்கள்!

பின்னர் காலம் மறுபக்கம் திரும்பியது. 1977இல் அப்பிள் 2, 1981இல் ஐ.பி.எம். என்று மேசைக் கணினிகள் சந்தைக்கு வந்தன. எல்லாம் சொந்த வீட்டுக்குள்ளேயே என்றானது. ஆனால் இணையம் பரவியதும் மீண்டும் கதை மாறியது. 1996இல் தொடங்கிய ஹொட்மெயிலில் கடிதங்கள் உங்கள் கணினியில் இருப்பதில்லை, அந்த நிறுவனத்தின் கணினியில்தான் இருந்தன. அதைப் பாவித்தவர்கள் பெயர் தெரியாமலே மேகத்துக்குள் போய்விட்டார்கள். 2006இல் அமேசன் நிறுவனம் முதலில் சேமிப்பிடத்தையும், பிறகு கணினியின் ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல அனெக்ஸ்களாக்கி வாடகைக்குக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிச் சாவி, கூரையோ ஒன்றுதான்.

கூரை எரிந்தால்?

எரிந்தது. 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீயில் அழிந்தது. உயிரிழப்பு எதுவும் இல்லை. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஆகஸ்ட் மாதம் நமது அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' தாக்கப்பட்டது. தரவுகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீய மென்பொருள் உள்ளே புகுந்ததில், சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை மீட்கமுடியாமற் போயிற்று. அந்தக் காலப்பகுதிக்கு, தொடர்பறுத்துத் தனியாக வைத்த பிரதி இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை.

நம் வீடுகளில் படங்கள் தொலைவது பெரும்பாலும் தீயாலோ திருடராலோ அல்ல. தொலைபேசியில் இடம் போதவில்லை என்று, "அதுதான் கிளவுட்டில் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் படங்களை அழிக்கிறோம். இது பெட்டகம் அல்ல, பல இடங்களில் கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அடுத்தது, கவனிக்காமல் விட்ட கணக்கு. இரண்டு வருடங்கள் திறக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. மௌத்தான வாப்பாவின் படங்களும் குரற்பதிவுகளும் அவருடைய கணக்கிலேயே கிடக்கின்றன என்றால், யாரிடம் அதன் சாவி இருக்கிறது? நமக்குப்பின் கணக்கை யார் திறக்கலாம் என்று உயிரோடிருக்கும்போதே குறித்துவைக்கும் வசதி கூகுளிலும் உண்டு, அப்பிளிலும் உண்டு. பலருக்கு இது தெரியாது.

வீட்டுக்குள் எடுத்த படங்களின் பாதுகாப்பு இன்னொரு விடயம். 2014இல் அமெரிக்க நடிகைகள் பலரின் அந்தரங்கப் படங்கள் அவர்களுடைய அப்பிள் கணக்குகளிலிருந்து வெளியே போயின. தரவு நிலையத்தின் சுவரை யாரும் உடைக்கவில்லை. போலிக் கடிதம் அனுப்பிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு முன்வாசலால் நுழைந்தார்கள்.

நம் ஊர்களில் அவ்வளவு சிரமம்கூடத் தேவையில்லை. புதுத் தொலைபேசி வாங்கும்போது கடைப் பையனே கணக்குத் திறந்து, கடவுச்சொல்லும் போட்டு, அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தருகிறான். நாமும் நன்றி சொல்லி வாங்கி வருகிறோம். அந்தக் கடவுச்சொல் அவனுக்கும் தெரியும் என்பதை யோசிப்பதில்லை. அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். பெண்பிள்ளைகளின் படங்கள் இருக்கும் அலுமாரியின் இரண்டாவது சாவி ஏன் வெளியே இருக்க வேண்டும்?

ஆகவே இன்றிரவே மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல்லுக்கு மேலதிகமாக ஓர் இலக்கத்தையும் கேட்கும் இரண்டாம் பூட்டைப் போடுங்கள். உங்கள் தொலைபேசிக்கு வரும் அந்த இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். முக்கியமான படங்களை ஒரு தனி வன்தட்டில் பிரதி எடுத்து, உங்கள் வீட்டில் அல்லாமல், உம்மா வீட்டு அலுமாரியில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதனை எடுத்துத் திறந்து பாருங்கள். வன்தட்டும் பழுதாகும் பொருள்தான்.