கட்டைவிரல் தூரம்!

ஒரு வினாடியை நூறு கூறாகப் போட்டால், அதில் ஒரு கூறு எவ்வளவு நேரம் இருக்கும்? கண்ணை ஒரு முறை மூடித் திறப்பதற்குள் இப்படிப்பட்ட பத்துக் கூறுகளாவது ஓடிப் போய்விடும். யாரும் கணக்கில் வைக்காத நேரம் அது.

ஆனால் அந்த ஒரு கூறு, கேரளத்துப் பெண் ஒருத்தியிடமிருந்து ஒலிம்பிக் பதக்கத்தைப் பறித்தது. 39 ஆண்டுகளுக்குப் பிறகு, நமது கோவையைச் சேர்ந்த பெண் ஒருத்தியையும் அதே ஒரு கூறு தடுத்து நிறுத்தியது. அவள் சும்மா இருந்தாளா? மூன்றே வாரத்தில் திரும்பி வந்து கணக்கைத் தீர்த்தாள்!

அந்தப் பெண்ணின் பெயர் வித்யா ராம்ராஜ்.

இரட்டைப் பிறவிகள்

வித்யா 1998-ம் ஆண்டு பிறந்தவர். அவருடன் ஒன்றாகப் பிறந்த சகோதரி நித்யா. தந்தை கோவையில் ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அன்றாடம் சவாரி கிடைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், இரண்டு பெண்களும் ஓட்டக்காரிகள் ஆனார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: இருவருமே தடை தாண்டும் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நித்யாவுக்கு 100 மீட்டர். வித்யாவுக்கு 400 மீட்டர்.

பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை அணிந்து மைதானத்தில் ஓடினால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் வீடுகள் இன்றும் உண்டு. இரண்டு பெண்களையும் ஓட அனுப்பிய அந்த வீட்டாரின் துணிவையும் இந்தக் கதையில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

தடை தாண்டுவது எப்படி?

400 மீட்டர் என்பது மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் தூரம். வெறுமனே ஓடினாலே மூச்சு முட்டும். இந்தப் பந்தயத்திலோ வழியில் பத்துத் தடைகள் நிற்கும். பெண்களுக்கான தடையின் உயரம் 76.2 சென்டி மீட்டர். அதாவது இரண்டரை அடி. முதல் தடை 45-வது மீட்டரில் வரும். அதன் பிறகு 35 மீட்டருக்கு ஒரு தடை. கடைசித் தடையைத் தாண்டிய பின்னும் 40 மீட்டர் ஓட வேண்டும்.

இங்கே காலில் வேகம் மட்டும் இருந்தால் போதாது. மனதில் கணக்கும் இருக்க வேண்டும். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையில் எத்தனை அடி எடுத்து வைப்பது என்பதை முன்பே பழகி வைத்திருப்பார்கள். பாதித் தூரம் போனதும் களைப்பில் அடி சுருங்கும். பதினைந்து அடியில் கடந்த இடத்துக்குப் பதினாறு அடி தேவைப்படும். அப்போது வழக்கமான காலை விட்டு, மற்றக் காலால் தாண்ட வேண்டி வரும். இரண்டு காலாலும் தாண்டப் பழகாதவர்கள் அங்கே தடுமாறிப் போவார்கள்.

ஓடும் வேகத்தில் கால் பட்டுத் தடை சாய்ந்துவிட்டால் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் வினாடியில் சில கூறுகள் கழன்று போகும்.

முன்னோடிகள் இருவர்

தென்னாட்டுப் பெண்களுக்கு இந்தப் பந்தயம் புதிதல்ல. 1982-ம் ஆண்டு டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த எம்.டி. வல்சம்மா இதே 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

அவருக்குப் பிறகு வந்தவர் பி.டி. உஷா. கோழிக்கோடு மாவட்டத்தின் பய்யோளியில் வளர்ந்தவர். 1984-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது அப்போதுதான் முதல் முறை. உஷாவுக்கு வயது இருபது.

ஆகஸ்டு 8-ந் தேதி இறுதி ஓட்டம். மொராக்கோ நாட்டின் நவால் எல் முத்தவக்கில் 54.61 வினாடிகளில் முதலாவதாக வந்தார். அந்த நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே! அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20 வினாடிகளில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவது யார்?

ருமேனியாவின் கிறிஸ்தியானா கோஜோகாரு 55.41 வினாடி. நமது உஷா 55.42 வினாடி!

ஒரே ஒரு கூறுதான் வித்தியாசம். அந்த வேகத்தில் ஓடுபவர், ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கடப்பது சுமார் 7 சென்டி மீட்டர் தூரம். கட்டைவிரல் நீளம்! அந்தக் கட்டைவிரல் தூரத்தில் வெண்கலப் பதக்கம் கை நழுவிப் போயிற்று.

ஓட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பது காலும் அல்ல, தலையும் அல்ல. மார்புப் பகுதி எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் அனுபவசாலிகள் கடைசி அடியில் மார்பை முன்னே தள்ளிப் பாய்வார்கள். இந்தப் பந்தயத்துக்குப் புதியவரான உஷா அதைச் செய்யத் தவறினார் என்று பலரும் சொன்னார்கள். உஷா பின்னாளில் வேறொன்றும் சொன்னார். அங்கே கிடைத்த உணவு தமக்கு ஒத்துக்கொள்ளாததால் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓட நேர்ந்தது என்றும், உடலில் தெம்பு இல்லாததால் கடைசி 35 மீட்டரில் வேகம் குறைந்தது என்றும் அவர் சொன்னார்.

உஷா சோர்ந்துவிடவில்லை. 1986-ம் ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் தடை ஓட்டம் உட்பட நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். ஆனால் 55.42 என்ற எண் மட்டும் இந்திய சாதனைப் பட்டியலில் அப்படியே நின்றது. ஆண்டுகள் ஓடின. எத்தனையோ பெண்கள் முயன்றார்கள். எவராலும் அதை எட்ட முடியவில்லை.

மறுபடியும் ஒரு கூறு!

2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், சண்டிகாரில் ஒரு பந்தயம். வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தார். கடிகாரம் காட்டியது 55.43 வினாடி!

உஷாவின் எண்ணுக்கும் வித்யாவின் எண்ணுக்கும் இடையே மறுபடியும் அதே கட்டைவிரல் தூரம். அருகில் போய் நின்றுவிட்டோமே என்று எவருக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் வித்யாவுக்கு அழ நேரமில்லை. மூன்று வாரத்தில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. 2022-ம் ஆண்டு நடந்திருக்க வேண்டிய அந்த விழா, கொரோனா நோயினால் 2023-ம் ஆண்டுக்குத் தள்ளிப் போயிருந்தது.

அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாள். தகுதிச் சுற்றில் வித்யா ஓடினார். கடிகாரம் நின்ற இடம் 55.42! உஷாவின் சாதனை சமமாக்கப்பட்டது. வித்யா பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எண் அது. அந்த உஷாவே இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்த காலத்தில் இது நடந்தது என்பது இன்னொரு சிறப்பு.

மூன்று நாள், மூன்று பதக்கம்

அன்றைக்கே ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 400 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் வித்யா இறங்கினார். உடன் ஓடியவர்கள் முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். அந்த அணிக்கு வெள்ளிப் பதக்கம். மறுநாள் 3-ந் தேதி தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்று. பஹ்ரைனின் அதெகோயா தங்கமும் சீனாவின் மோ ஜியாதியே வெள்ளியும் பெற, 55.68 வினாடிகளில் ஓடிய வித்யா வெண்கலம் வென்றார். 4-ந் தேதி பெண்கள் தொடர் ஓட்டத்தில் மறுபடியும் வெள்ளி. மூன்று நாட்களில் மூன்று பதக்கங்கள்!

சகோதரி நித்யாவும் அதே ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இறுதிச் சுற்று வரை சென்றார். ஒரே வீட்டிலிருந்து இருவர், ஒரே ஆசிய விளையாட்டில்!

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் தொடர் ஓட்ட அணியில் வித்யா இடம் பெற்றார். 2025-ம் ஆண்டு தென் கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் தடை ஓட்டத்துக்கு மீண்டும் வெண்கலம் கொண்டு வந்தார்.

மகிழ்ச்சியும் ஒரு கேள்வியும்

இத்தனை பெருமையையும் சொன்ன பிறகு, ஒரு கசப்பான கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும்.

உஷா பதக்கத்தை இழந்த அதே ஆகஸ்டு 8-ந் தேதி, சரியாக 40 ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பந்தயம் நடந்தது. அமெரிக்காவின் சிட்னி மெக்லாலின் 50.37 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அவர் முடிவுக் கோட்டைத் தொடும் நேரத்தில், 55.42 வினாடியில் ஓடும் ஒருவர் பத்தாவது தடைக்கு அருகில்தான் இருப்பார். உலகம் முன்னே ஓடியது. நாமோ 39 ஆண்டுகள் ஒரே எண்ணில் நின்றோம்.

நம் பெண்களின் காலில் குறையா? இல்லவே இல்லை. சிறு வயதில் கிடைக்கும் சத்துணவு, ஓடுவதற்கு ஒரு நல்ல மைதானம், தாண்டிப் பழகப் பத்துத் தடைகள், சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர், போய் வா என்று அனுப்பும் பெற்றோர் இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஓர் ஓட்டக்காரி உருவாவாள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அந்தக் குறை முடிவுக் கோட்டில் ஒரு கூறாக வந்து நிற்கும்.

நம் பக்கத்திலும் வழிகள் மெல்லத் திறக்கின்றன. உடுமலைக்கு அப்பால் அமராவதி நகரில் 1962-ம் ஆண்டு சைனிக் பள்ளி தொடங்கப்பட்டது. ஓட்டமும் உடற்பயிற்சியும் பாடத்துக்குச் சமமாக மதிக்கப்படும் பள்ளி அது. நாட்டிலுள்ள சைனிக் பள்ளிகளில் 2021-22 கல்வி ஆண்டு முதல் மாணவிகளையும் சேர்ப்பது என்று அரசு முடிவு செய்தது.

திருப்பூர் வட்டாரத்தில் எத்தனையோ தாய்மார்கள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்த்துக் குடும்பம் நடத்துகிறார்கள். உலகத்துக்கே விளையாட்டு உடை தைத்து அனுப்பும் ஊர் இது. அந்தத் தாய்மார்களின் பெண்களும் அந்த உடையை அணிந்து ஓட வேண்டாமா?

உங்கள் மகள் பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக வந்து, ஒரு சோப்புப் பெட்டியோ தட்டோ பரிசு வாங்கி வந்தால், அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உடற்பயிற்சி ஆசிரியரைப் பாருங்கள். மேலே என்ன செய்யலாம் என்று கேளுங்கள். காலையில் அவளுக்கு ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடி ஊறவைத்த கடலையோ கூடுதலாகக் கொடுங்கள். ஆட்டோ ஓட்டுபவரின் வீட்டில் முடிந்தது, மற்ற வீடுகளிலும் முடியும்!