பலர் கூடி எழுதும் கலைக்களஞ்சியமும் தமிழ் நடையும்

கலைக்களஞ்சியம் என்றவுடன் அதன் பதிப்பாசிரியரின் பெயர் நினைவுக்கு வருதல் இயல்பு. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். சென்னைத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொணர்ந்த கலைக்களஞ்சியத்திற்குப் பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராய் விளங்கினார். எச்சொல் நிற்பது, எச்சொல் நீங்குவது என்பதை அவர்கள் தீர்த்தனர். 2003ஆம் ஆண்டில் இணையத்தில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ அவ்வாறு தீர்ப்பவர் ஒருவரும் இலர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் தொடக்ககாலத்தில் இட்ட அடித்தளத்தின்மேல், பல நாட்டுத் தமிழரும் ஊதியமின்றி எழுதி வருகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். கருத்து வேறுபடின் கட்டுரைக்குரிய பேச்சுப் பக்கத்திலும், பொதுவான பொருளாயின் ‘ஆலமரத்தடி’ என்னும் பக்கத்திலும் வாதிடுவர்.

அவ்வாதங்களுட் பெரும்பாலன நடைபற்றியவை. நாம் ரொறன்ரோ என்போம். தமிழ்நாட்டார் டொராண்டோ என்பர். நம் சட்டத்தரணி அவர்க்கு வழக்கறிஞர். நம் பௌதிகவியல் அவர்க்கு இயற்பியல். இவற்றை வட்டார வழக்கென்று ஒதுக்குதல் பொருந்தாது. மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மானிப்பாய் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே கலைச்சொல் தேடி உழைத்தவர். அறிவியலைத் தமிழிற் பயின்ற நம் மாணவர் தலைமுறைகள் பாடநூலிற் கண்ட சொற்களும் இவையே. தேடும் சொல் கிட்டாவிடில், இந்நூல் தனக்குரியதன்று என்றே மாணவன் எண்ணுவான்.

‘வழிமாற்று’ என்னும் உத்தியால், ஒரு சொல்லைத் தேடுபவரை மற்றைச் சொல்லில் அமைந்த கட்டுரைக்குச் சேர்ப்பித்தல் கூடும். ஆயினும் தலைப்பு ஒன்றே அன்றோ? ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒரு நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய பொருளை அந்நாட்டு ஆங்கிலத்திலேயே எழுதுவர். ஏனையவற்றில் முதலில் அமைந்த வழக்கைக் காரணமின்றி மாற்றார். இம்முறை நமக்கும் ஏற்றதென்பது என் துணிபு. கிரந்த எழுத்துப் பூசலும் ஓயாத ஒன்று. ஒருவர் தம் பெயரைத் தாமே எழுதும் வண்ணம் விட்டுவிடுதல் பண்பு என்பதற்கு மேல் அதுபற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சொல்லினும் கடினமானது புகழுரை. ‘நாவலர் பெருமான் திருவவதாரஞ் செய்தார்’ என்று எழுதப் பழகிய கை, ‘ஆறுமுக நாவலர் 1822இல் நல்லூரிற் பிறந்தார்’ என்றெழுதக் கூசுகின்றது. ஆனால் ‘பிறந்தார்’ என்னும் விகுதியிலேயே மதிப்பு அடங்கியிருக்கின்றதே! ஆங்கிலத்துக்கு இவ்வசதி இல்லை. அதற்கு மேலும் அடைமொழி அடுக்கினால், வாசிப்பவர்க்குச் செய்தி குறைந்து எழுதியவரின் பக்தியே மிகும். இத்தகைய ஆண்டு மலர்களில் எழுதும் நாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்லேம்.

என் மாணவன் ஒருவன் தன் ஊர்க்கோயிலைப் பற்றி இக்களஞ்சியத்தில் எழுத விழைந்து, கட்டுரையை என்னிடம் காட்டினான். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’, ‘அருள்பாலிக்கும்’, ‘எழில்கொஞ்சும்’ என்பவற்றை நீக்கினேன். ஊர்ப்பெயரும் மூர்த்தியின் பெயருமே எஞ்சின. முகம் வாடிச் சென்றவன், மறுவாரம் தேர் செய்த ஆண்டையும் திருக்குளம் வெட்டிய வரலாற்றையும் முதியோரிடம் கேட்டறிந்து, நான்கு வாக்கியங்களோடு வந்தான். அவற்றில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.