மந்தை எங்கே மேய்கிறது?

2018 தொடக்கத்தில் ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்காக 500 ரூபாய் கொடுத்தேன். எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். அது எனக்குச் சின்னத் தொகையில்லை. இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். தமிழக அரசு 2017இல் 10 கோடி ரூபாய் அறிவித்திருந்தது. செம்மொழிப் பெருமிதக் கதையாடலை நண்பர்களோடு கட்டுடைத்துக்கொண்டே பணமும் கொடுத்தவன் நான். முரண்பாடுதான், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பணம் எங்கே போய் என்ன வேலை செய்யும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அதே கேள்வியை அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கேள்வி விளங்க வேண்டுமானால் பணம் அங்கே எப்படி வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கல்வெட்டு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு விடுவார்கள். இடையர் அவற்றைப் பேணி நாள்தோறும் நெய் அளப்பார். கிழடு கழிந்தால் குட்டி கணக்கை நிரப்பும். ஆகவே அது ‘சாவா மூவாப் பேராடு’. முதல் அப்படியே இருக்கும், விளைவில் விளக்கு எரியும். ஹார்வர்டின் மூலநிதியும் இதேதான். ஆயிரக்கணக்கான கட்டளைகளின் பணத்தை ஒரே மந்தையாக்கி முதலீடு செய்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் எடுத்துச் செலவிடுகிறார்கள். 2012இல் அந்த மந்தையின் மதிப்பு 3,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

மந்தை யார் நிலத்தில் மேய்கிறது? 2012 நவம்பரில் இளங்கலை மாணவர் பேரவைத் தேர்தலோடு சேர்த்து நடந்த வாக்கெடுப்பு இதைத்தான் கேட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று வாக்களித்தவர்களில் 72 சதவீதத்தினர் சொன்னார்கள்.

இதை ‘சுற்றுச்சூழல் ஆர்வம்’ என்று சுருக்கிவிடுவது எளிது. மரம் நடுவது, குப்பையைப் பிரித்துப் போடுவது எல்லாம் அந்த வகை. எந்த நிர்வாகமும் கைதட்டி வரவேற்கும். சூழல் நீதி என்பது வேறு. அது குப்பை யார் வீட்டு வாசலில் விழுகிறது என்று கேட்கிறது. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில், நஞ்சு கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைத்தது மாநில அரசு. லாரிகளை மறித்து 500 பேருக்கு மேல் கைதானார்கள். அபாயக் கழிவுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதை வருமானத்தைவிட இனமே தீர்மானிக்கிறது என்று 1987இல் ஒரு திருச்சபை அமைப்பின் ஆய்வு காட்டியது. லூசியானாவில் பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே மிசிசிப்பி ஆற்றங்கரை நெடுக எண்ணெய், ரசாயன ஆலைகள். ஒட்டியே கறுப்பினக் குடியிருப்புகள். ‘புற்றுநோய்ச் சந்து’ என்றே அந்தப் பகுதிக்குப் பெயர்.

ஹார்வர்ட் வளாகத்தில் அந்தப் புகை இல்லை. புல்வெளி இருக்கிறது. ஆனால் வளாகம் எது? மதிற்சுவரோடு முடிகிறதா, அதன் பணம் போகிற இடம் வரை நீள்கிறதா? பேரவையின் வாக்கெடுப்பு செய்த முக்கியமான காரியம், வளாகம் என்ற சொல்லின் எல்லையைக் கலைத்ததுதான் என்று நினைக்கிறேன்.

மூலநிதி ஒரு வளம், அது அரசியல் மாற்றத்துக்கான கருவியல்ல என்று 2013இல் பதில் சொன்னார் பல்கலைக்கழகத் தலைவர். முதலீடு செய்வது இயல்பு, விலக்குவதுதான் அரசியல் என்பது இதன் உள்ளுறை. ஆனால் இதே பல்கலைக்கழகம் 1990இல் புகையிலை நிறுவனங்களிலிருந்தும், 2005இல் சூடானை முன்னிட்டு பெட்ரோசைனாவிலிருந்தும் விலகியிருந்தது. அது மட்டும் என்னவாம்?

பேரவையால் வேறெதுவும் செய்ய முடியாது. பணத்தின் மீது அதற்கு அதிகாரமில்லை. மாணவர்கள் நான்கு வருஷத்தில் போய்விடுவார்கள், நிர்வாகம் சும்மா காத்திருந்தால் போதும். பேரவை விட்டுச்சென்றது ஒரு பதிவை மட்டுமே. அடுத்து வந்தவர்கள் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள். 2014இல் வழக்கு, அது தள்ளுபடி. 2019 நவம்பரில் யேல் பல்கலைக்கழகத்தோடு நடந்த கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். 2020 பிப்ரவரியில் கலை அறிவியல் புல ஆசிரியர்கள் 179க்கு 20 என்று மாணவர் பக்கம் நின்றார்கள். 2021 செப்டம்பரில் நிர்வாகம் இறங்கிவந்தது. அந்தக் கடிதம் வாசிக்கத்தக்க பிரதி: நேரடி முதலீடு இல்லை, இனி செய்யும் எண்ணமும் இல்லை, மறைமுகமாக உள்ளது 2 சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் படிப்படியாகக் கரையும். ‘விலக்கல்’ என்ற சொல் மட்டும் அதில் இல்லை. மாணவர் கேட்டதைக் கொடுத்தாலும் மாணவரின் சொல்லைத் தருவதில்லை.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஹார்வர்ட் விற்ற பங்கை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். லூசியானாவின் ஆற்றங்கரையில் புகை குறையவில்லை. அங்கே மூச்சுத் திணறுகிறவர் இந்த வாக்கெடுப்பில் வாக்காளரும் அல்ல. நம் கை சுத்தமானது என்பதும் அவருக்கு நீதி கிடைத்தது என்பதும் ஒன்றல்ல. 2022இல் மாணவர்கள் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பேரவையையே கலைத்துவிட்டு வேறு சங்கம் அமைத்துக்கொண்டார்கள், அது தனிக்கதை.

நான் படித்த கல்லூரியில் பேரவைத் தேர்தலே கிடையாது. செயலாளரை நிர்வாகம் நியமிக்கும்; ஆண்டு விழாவுக்கு மாலை வாங்கி வருவது அவர் வேலை. கல்லூரிப் பணம் எங்கே கிடக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார்: “ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு கணக்கா?” மூன்று வருஷத்துக்கு மேல் என் ஆடும் அந்த மந்தையில்தான் மேய்ந்தது. ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.