ஊர் கேட்பதற்கு அப்பால்: யாழ்ப்பாணத்துத் தொழில்சார் சந்திப்புகளில் உரையாடலைத் தொடங்குதல்

தொழில்சார் சந்திப்பு என்பது, ஒரே துறையிலோ ஒன்றோடொன்று தொடர்புடைய துறைகளிலோ பணியாற்றுவோர், முன்பு அறிந்திராதவர்களை அறிந்துகொள்ளும் நோக்கத்தோடு ஓரிடத்தில் கூடும் நிகழ்வாகும். போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய நிகழ்வுகள் பெருகியுள்ளன. 2010இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி, தென்னிலங்கை நிறுவனங்களையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் வடபகுதி உற்பத்தியாளர்களையும் ஒரே மைதானத்தில் சந்திக்க வைக்கிறது. யாழ் ஐரி ஹப் என்னும் தன்னார்வ அமைப்பு 2012 முதல் நடத்திவரும் ‘யாழ் கீக் சலேஞ்ச்’ போட்டி, மாணவர்களையும் இளம் தொழில்முனைவோரையும் கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் பணியாற்றும் வல்லுநர்களோடு இணைக்கிறது. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் வருடாந்த அமர்வுகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆயினும் ஒரு மண்டபத்தில் கூடியவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டு திரும்புகிறார்கள் என்று கொள்ள இயலாது.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் இங்ராம், மைக்கேல் மொறிஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஏறத்தாழ 100 வணிகத்துறையினர் பங்கேற்ற மாலை ஒன்றுகூடலில், யார் யாரோடு நின்று பேசினர் என்பதைப் பதிவுசெய்யும் சிறு மின்னணுக் கருவிகளைப் பங்கேற்றோர் அணிந்திருந்தனர். புதியவர்களைச் சந்திப்பதே தம் நோக்கம் என்று பலரும் முன்கூட்டியே கூறியிருந்தபோதிலும், நிகழ்வில் அவர்கள் பெரிதும் நாடியது ஏற்கெனவே அறிந்தவர்களைத்தான். விருப்பம் இருந்தும் உரையாடலைத் தொடங்கும் வழி அமையாவிட்டால், கூட்டம் பழைய வட்டங்களாகவே பிரிந்து நிற்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற் பாடமாகும்.

அறியாதவரோடு பேசுவதன் பயனைச் சமூகவியல் அரை நூற்றாண்டுக்கு முன்னரே விளக்கியுள்ளது. மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நெருங்கிய உறவையும் நட்பையும் வலுவான பிணைப்பு என்றும், எப்போதாவது சந்திக்கும் அறிமுகத்தை மெல்லிய பிணைப்பு என்றும் வகைப்படுத்தினார். அறிமுகம் ஒன்றின் வழியே வேலை பெற்றவர்களை அவர் ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறத்தாழ 17 வீதத்தினரே தாம் அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் அவ்வாய்ப்பை அறிந்திருந்தனர். ஏனையோருக்கு அது எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர்களிடமிருந்தே கிடைத்திருந்தது. நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் வாழ்வதால் ஒருவர் அறிந்ததையே மற்றவரும் அறிந்திருப்பர் என்பதும், வேறு வட்டத்தில் உலவுபவரே புதிய செய்தியைக் கொண்டுவர முடியும் என்பதும் இதற்குக் காரணங்கள். லிங்க்ட்இன் வலைத்தளத்தின் 2 கோடிப் பயனாளரை உள்ளடக்கி 2022இல் வெளியான ஆய்வு, முற்றிலும் மெலிந்த தொடர்பைவிட ஓரளவு மெல்லிய தொடர்பே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவுகிறது எனக் கூறி இக்கருத்தை மேலும் துல்லியமாக்கியது. ஒரு மாலைச் சந்திப்பு பயனளிக்க வேண்டுமாயின் அது பெயர் பரிமாற்றத்தோடு நின்றுவிடாமல் சிறிதேனும் வளர வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருளாகும்.

யாழ்ப்பாணச் சமூகம் வலுவான பிணைப்புகளில் செழித்த சமூகம். புகழ்பெற்ற பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், கிராமந்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள் ஆகியன அதன் தூண்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும்போர்’ துடுப்பாட்டப் போட்டி, பல தலைமுறைப் பழைய மாணவர்களை ஒன்றுசேர்க்கும் நிகழ்வாகவும் விளங்குகிறது. போர்க் காலத்திலும் அதன் பின்னரும் பாடசாலைகளையும் குடும்பங்களையும் தாங்கி நின்றவை இப்பிணைப்புகளே என்பதால் அவற்றின் பெறுமதி எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் அவை எட்டாத சந்தையையும் தொழில்நுட்பத்தையும் முதலீட்டையும் தேடுபவருக்கு வட்டத்துக்கு வெளியே நிற்பவரின் துணை இன்றியமையாதது.

இங்குதான் குடாநாட்டு உரையாடலின் வழமையான தொடக்கம் கவனத்துக்குரியதாகிறது. புதியவர் ஒருவரைக் கண்டதும் “நீங்கள் எந்த ஊர்?”, “எந்தப் பள்ளிக்கூடம்?”, “ஆற்றை பிள்ளை?” என்று கேட்பது இங்குள்ள இயல்பு. பொதுவாக அறிந்த ஒருவரை விரைவில் கண்டுபிடித்து நம்பிக்கையை ஏற்படுத்துவதால் இக்கேள்விகளுக்குச் சமூகப் பயன் உண்டு. ஆனால், ஊர்ப் பெயரும் குறிச்சிப் பெயரும் சாதியை ஊகிப்பதற்கான வழியாக நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன என்பதையும், அந்த ஊகத்தின் சுமையைத் தாங்கியவர்கள் இக்கேள்வியை எளிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் மறுக்க இயலாது. மேலும், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தவருக்கும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தவருக்கும், காணி உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டதால் முகாம்களில் வளர்ந்தவருக்கும் ‘ஊர் எது’ என்பது ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று. மலையகத்திலிருந்தோ தென்னிலங்கையிலிருந்தோ வந்தவரை அக்கேள்வி தொடக்கத்திலேயே வெளியாளாக நிறுத்திவிடுகிறது.

ஆகவே தொழில்சார் சந்திப்பில் முதற் கேள்வி ஒருவரது பிறப்பைவிட அவரது பணியை நோக்கியதாக அமைவதே பொருத்தமானது. “இப்ப என்ன வேலையிலை கூட மினக்கெடுறீங்கள்?” என்ற எளிய கேள்வி, பதவியின் பெயரைக் கேட்பதைவிடப் பரந்த இடத்தை அளிக்கிறது, ஏனெனில் பதவியைக் கேட்டால் ஒரு சொல்லே விடையாகும், பணியைக் கேட்டால் அதன் நோக்கமும் தடையும் சேர்ந்தே வெளிவரும். பனங்கட்டி உற்பத்தி செய்யும் ஒருவரிடம், “இதைப் பழுதாகாமல் கொழும்புக்கு அனுப்பிறதிலை எது கரைச்சலாக் கிடக்கு?” என்று கேட்பவர், ஐந்து நிமிடத்தில் பொதியிடல், போக்குவரத்து, கடன் வசதி ஆகிய மூன்று துறைகளைப் பற்றிய அனுபவ அறிவைப் பெற்றுவிடலாம், தம்மால் உதவக்கூடிய இடம் எது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

முதற் கேள்வியைவிட முக்கியமானது இரண்டாவது கேள்வி. ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, உரையாடலில் கூடுதலாகக் கேள்வி கேட்பவர்களை எதிரிலிருப்பவர் அதிகம் விரும்புகிறார் என்றும், அவ்விளைவு பெரிதும் தொடர்வினாக்களாலேயே ஏற்படுகிறது என்றும் கண்டறிந்தது. தொடர்வினா என்பது எதிரிலிருப்பவர் சற்றுமுன் கூறிய விடையிலிருந்து எழும் கேள்வி. “ஏன் அந்த முடிவுக்கு வந்தனீங்கள்?” என்று கேட்பதற்கு முன்னர் கூறப்பட்டதைக் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும், அக்கவனமே மரியாதையாக உணரப்படுகிறது. மனனம் செய்த கேள்விகளை வரிசையாகத் தொடுப்பது விசாரணையின் தன்மையைப் பெற்றுவிடும் என்பதால், தம்மைப் பற்றியும் இடையிடையே கூறிக்கொள்வது அவசியம்.

இளையோரைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சமும் தயக்கமுமாகும். மூத்தவரைச் ‘சேர்’ என்றும் ‘மிஸ்’ என்றும் அழைத்துப் பழகிய மாணவர், அழைக்கப்படும்வரை பேசாதிருப்பதே பண்பு எனக் கருதுகிறார். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமோ என்ற அச்சமும் அதனுடன் சேர்கிறது. அவை அஞ்சாமைக்கெனத் திருக்குறள் தனி அதிகாரம் வகுத்திருப்பது இந்த அச்சத்தின் பழமையை உணர்த்தும். முன்பின் அறியாத இருவர் உரையாடிய பின்னர், மற்றவர் தம்மை எவ்வளவு விரும்பினார் என்பதை இருவருமே குறைவாக மதிப்பிடுகின்றனர் என்று 2018இல் வெளியான உளவியல் ஆய்வு காட்டியிருப்பதும் இளையோருக்குத் துணிவளிக்க வேண்டும். மரியாதைச் சொற்களைக் கைவிடாமலே, “சேர், உங்கடை உரையிலை சொன்ன ஒரு விசயம் பற்றிக் கேட்கலாமோ?” என்று தொடங்குவது எந்த மாணவருக்கும் இயலக்கூடியதே.

உரையாடலை முடிப்பதற்கும் முறை உண்டு. விசிட்டிங் கார்டைப் பெற்றுக்கொண்டு அகல்வதைவிட, பேசியவற்றுள் ஒன்றை எடுத்துரைத்து, அடுத்து என்ன செய்யலாம் என்று கூறி விடைபெறுவது நினைவில் நிற்கும். ஓரிரு நாள்களுக்குள் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வாக்களித்த தகவலை அனுப்புவது, மெல்லிய பிணைப்பு அறுந்துபோகாமல் காக்கும்.

இவை அனைத்தையும் புதிதாக வருபவரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடுதல் நியாயமாகாது. அறிமுகம் ஏதுமின்றி வரும் கிராமத்துப் பெண் தொழில்முனைவோரும் முதல் தலைமுறைப் பட்டதாரியும், பழைய மாணவர் சங்கப் பின்புலமுள்ளவரைவிட இருமடங்கு முயன்றால்தான் அதே உரையாடலை அடைய முடிகிறது. ஆகவே ஏற்பாட்டாளர்கள் உரைகளுக்கிடையே பேசுவதற்குப் போதிய நேரம் ஒதுக்கவும், பெயரட்டையில் ஊரையும் பாடசாலையையும் தவிர்த்து ஒருவர் செய்யும் பணியையும் தேடும் உதவியையும் பொறிக்கவும் வேண்டும். மூத்தவர்கள் ஒவ்வொரு நிகழ்விலும் தனித்து நிற்கும் ஒருவரையேனும் அணுகி, அவரது பணியைக் கேட்டறிந்து, அதற்கு உதவக்கூடிய இன்னொருவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குடாநாட்டின் பொருளாதார மீளெழுச்சி, தமக்குள் நெருக்கமானவர்கள் பிறரோடும் நெருங்கத் துணிவதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. செலவின்றி, இன்றே, எவராலும் தொடங்கக்கூடிய பணியும் அதுவே.