ஒரே சட்டம், இரண்டு கடிகாரங்கள்

நட்சத்திரங்களுக்கும் தண்டனை கிடைக்கத்தான் செய்கிறது. அது வந்து சேர எத்தனை ஆண்டு, விலகிப்போக எத்தனை மணி நேரம் என்பதில்தான் பிரச்சினை.

2015 மே 6, புதன்கிழமை. மும்பை செஷன்ஸ் நீதிமன்றத்தில் காலையில் தீர்ப்பு: நடிகர் சல்மான் கான் குற்றவாளி. மதியம் தண்டனை அறிவிப்பு: ஐந்தாண்டு சிறை. பொழுது சாய்வதற்குள் மும்பை உயர் நீதிமன்றத்தில் அவருக்கு இரண்டு நாள் இடைக்கால ஜாமீன். தில்லியிலிருந்து விமானத்தில் வந்து வாதாடினார் ஹரீஷ் சால்வே. தீர்ப்பின் முழு நகல் இன்னும் கைக்கு வரவில்லை, நகல் இல்லாமல் எப்படி மேல்முறையீடு செய்வது என்பது வாதம். நியாயமான வாதம்தான். சட்டப்படி சரியான வாதமும்கூட. மே 8இல் தண்டனையே நிறுத்திவைக்கப்பட்டது. பாந்த்ராவில் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்தது.

இதில் எங்கே சட்டம் மீறப்பட்டது என்று கேட்டால், எங்கும் இல்லை. அதுதான் இந்த விவகாரத்தின் விசித்திரம்.

இந்தச் சில மணி நேரத்துக்கு முன்னால் பன்னிரண்டரை ஆண்டுகள் இருந்தன. 2002 செப்டம்பர் 28 அதிகாலை, பாந்த்ராவில் ஒரு பேக்கரிக்கு வெளியே நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சல்மானின் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் ஏறியது. ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயமடைந்தார்கள். பேக்கரியில் வேலை முடித்துவிட்டு அதன் வாசலிலேயே படுத்தவர்கள். அதன் பிறகு வழக்கு நகர்ந்ததைவிட, எந்தப் பிரிவில் நகரவேண்டும் என்ற சண்டைதான் அதிகம் நடந்தது. அஜாக்கிரதையால் மரணம் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ. அதிகபட்சம் இரண்டே ஆண்டு. கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்றால் 304 இரண்டாம் பகுதி. பத்தாண்டு வரை போகும். போலீஸ் இரண்டாவதைப் போட்டது. 2003இல் உயர் நீதிமன்றம் அது பொருந்தாது என்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், விசாரணை நீதிமன்றமே அதை முடிவு செய்யட்டும் என்றது. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் சிறிய பிரிவின் கீழ் விசாரணை தொடங்கிப் பல சாட்சிகள் விசாரிக்கப்பட்ட பின்பு, இல்லை, பெரிய பிரிவுதான் சரி என்று 2013இல் வழக்கு செஷன்ஸுக்குப் போனது. 2014இல் மறுபடி முதலிலிருந்து விசாரணை.

முதலிலிருந்து என்றால், கிட்டத்தட்ட. முக்கியமான ஒரு சாட்சி அதற்குள் இல்லாமல் போய்விட்டார்.

அவர் மும்பை போலீஸில் ஒரு கான்ஸ்டபிள். நிழல் உலக மிரட்டல்கள் காரணமாக சல்மானுக்கு மெய்க்காவலராக நியமிக்கப்பட்டிருந்தவர். விபத்தன்று காரில் கூடவே இருந்தவர், முதல் புகாரைக் கொடுத்தவரும் அவர்தான். சல்மான்தான் ஓட்டினார், வேகத்தைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை என்பது அவர் சாட்சியம். குடித்திருந்தார் என்பது முதல் புகாரில் இல்லை, சில நாள் கழித்துக் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்தது. பின்னாளில் வழக்கையே ஆட்டிவைத்த விரிசல் இதுதான். சாட்சி சொல்ல ஆஜராகாததற்காகப் பிடிவாரண்டில் கைதாகி, வேலையிழந்து, 2007 அக்டோபரில் மும்பை சிவ்ரி காசநோய் மருத்துவமனையில் இறந்துபோனார். விபத்து நடந்து சரியாக ஐந்தாண்டு ஆகியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த ஐந்தாண்டு பெரும்பாலும் படப்பிடிப்புகளில் கழிந்தது, சாட்சி சொன்னவர் சிறையையும் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். யார் மிரட்டினார்கள், மிரட்டினார்களா என்பதற்கெல்லாம் ஆதாரம் எதுவும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஒரு சாட்சியைச் சிதைக்க மிரட்டல்தான் வேண்டும் என்றும் இல்லை. இழுத்துக்கொண்டே போகிற வழக்கு போதும்.

2015இல் சல்மானின் டிரைவர் நீதிமன்றத்துக்கு வந்து, அன்று ஓட்டியது நான்தான், டயர் வெடித்துவிட்டது என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இந்த வாக்குமூலத்தை செஷன்ஸ் நீதிமன்றம் நம்பவில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 10இல் நீதிபதி ஏ.ஆர். ஜோஷி மேல்முறையீட்டை ஏற்று சல்மானை விடுவித்தார். இறந்துபோன கான்ஸ்டபிளின் வாக்குமூலத்தை முழுமையாக நம்ப முடியவில்லை. காரில் இருந்த பாடகர் கமால் கானை அரசுத் தரப்பு சாட்சியாக விசாரிக்கவே இல்லை. அவர்தான் ஓட்டினார், குடித்திருந்தார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. தீர்ப்பைப் படித்தால் அரசுத் தரப்பின் மீதுதான் கோபம் வரும். விசாரணைக்குப் பன்னிரண்டு ஆண்டு, மேல்முறையீட்டுக்கு ஏழு மாதம். மேல்முறையீடு தூசிபடிந்து கிடக்கும் சாதாரணக் கைதி யாராவது இந்தக் கணக்கைப் பார்த்தால் சிரிப்பார்.

தமிழ் வாசகருக்கு இங்கே மனுநீதிச் சோழன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அதிலும் ஒரு வாகனம், ஒரு பிரபலமான வாரிசு, சக்கரத்தில் சிக்கிய ஓர் உயிர். அந்தச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலைகூட இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் பசு மணியை அடித்ததும் விசாரணை முடிந்துவிடும். சாட்சி பிறழ நேரம் கிடையாது.

நேரம் எத்தனை கிடைத்தாலும் பிறழாத சாட்சிகளும் உண்டு. அதற்கு ராஜஸ்தானுக்குப் போகவேண்டும். 1998 அக்டோபரில் ‘ஹம் சாத் சாத் ஹைன்’ படப்பிடிப்புக்காக ஜோத்பூர் பக்கம் போயிருந்தபோது, கங்காணி கிராமத்தருகே இரண்டு வெளிமான்களைச் சுட்டதாக சல்மான் மீது வழக்கு. புகார் கொடுத்தவர்கள் பிஷ்னோய் சமூகத்தினர். 1730இல் கேஜ்ரி மரங்களைக் காக்க 363 பேர் உயிர் கொடுத்ததாகச் சொல்லும் மரபுக்காரர்கள். இருபது ஆண்டு, எத்தனையோ வாய்தாக்கள், மும்பையிலிருந்து வந்த பெரிய வக்கீல்கள். சாட்சி சொன்ன கிராமத்தார் சொன்ன சொல்லை மாற்றவில்லை. 2018 ஏப்ரல் 5இல் சல்மானுக்கு ஐந்தாண்டு சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம். உடன் குற்றம் சாட்டப்பட்ட சைஃப் அலி கான், தபு, சோனாலி பிந்த்ரே, நீலம் விடுதலை. இரண்டு இரவு ஜோத்பூர் மத்திய சிறை, மூன்றாம் நாள் ஜாமீன். மானுக்காக இருபது ஆண்டு நின்றவர்கள் இருந்தார்கள். பாந்த்ரா நடைபாதைக்கு அப்படி ஒரு சமூகம் இல்லை.

சரி, உண்மையிலேயே சிறையில் கிடந்த நட்சத்திரம் யாருமே இல்லையா? சஞ்சய் தத் இருக்கிறார். அவர் வழக்கை வைத்துத்தான் இரு தரப்பும் வாதாடுகின்றன.

257 பேரைப் பலிகொண்ட 1993 மார்ச் 12 பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கில், ஏ.கே. 56 துப்பாக்கி வைத்திருந்ததாக ஏப்ரலில் கைதானார். தந்தை சுனில் தத் காங்கிரஸ் எம்.பி. மகனுக்காக அவர் பால் தாக்கரே வீட்டுக் கதவையும் தட்டவேண்டியிருந்தது. மே மாதம் ஜாமீன், 1994 ஜூலையில் அது ரத்து, 1995 அக்டோபர் வரை சிறை. தடா சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நட்சத்திரம் என்பதால் அங்கே பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சந்தேகம் எழுவது 2006இல். நீதிபதி பி.டி. கோடே அவரைத் தடா குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, ஆயுதச் சட்டத்தின்கீழ் மட்டும் குற்றவாளி என்றார். அவர் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஆயுதங்களைச் சிறிது காலம் தன் வீட்டில் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு மூதாட்டிக்கோ தடாவிலேயே தண்டனை. சஞ்சய் தத்தைத் தடாவிலிருந்து விடுவித்ததை எதிர்த்து சி.பி.ஐ. மேல்முறையீடு செய்யவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் தத்தின் ஆறாண்டை ஐந்தாகக் குறைத்தது, மூதாட்டியின் ஐந்தாண்டை உறுதி செய்தது. ஆண்டுக் கணக்கு சமம்தான். ஆனால் ஒருவர் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தவர், மற்றவர் பயங்கரவாதச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். அன்று பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு இருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தத்துக்கான மனுவை மகாராஷ்டிர கவர்னர் 2015இல் நிராகரித்தார்.

பிறகு எரவாடா சிறை. காகிதப் பை செய்தார், சிறை வானொலியில் பேசினார், இதெல்லாம் செய்தி. இடையிடையே பரோல், ஃபர்லோ. 2013 டிசம்பரில் மனைவியின் உடல்நிலையைக் காட்டிப் பரோல் கிடைத்தபோது, அந்த மனைவி திரைப்பட நிகழ்ச்சியில் இருக்கும் படம் பத்திரிகைகளில் வந்து ரகளையானது. 2016 பிப்ரவரி 25இல், நன்னடத்தைக்காக எட்டு மாதம் முன்பே விடுதலை. இதை எதிர்த்த பொதுநல வழக்கில் மாநில அரசின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு 2018இல் மும்பை உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆக, விதி மீறப்படவில்லை. எரவாடாவின் ஒவ்வொரு கைதிக்கும் அதே விதிப் புத்தகம்தான். அதைப் படித்து, மனு எழுதி, பதில் வரும்வரை விடாமல் துரத்த வெளியே எத்தனை பேருக்கு ஆள் இருக்கிறது?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு ஏழைக் கொத்தனாரின் வழக்கு வந்தது. ஜாமீன் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அதைக் கடுமையாகச் சாடி, தொகையை ஆயிரமாகக் குறைத்துச் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடம். நிலவரம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பேர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கவேண்டும் என்கிறது. சல்மானின் இரண்டு நாளையும் இந்த மூன்றில் ஒரு பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு, அதையும் ஒதுக்கிவிட முடியாது. பிரபலம் என்பதாலேயே கூடுதலாக அடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020இல் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்துக்குப் பிறகு ரியா சக்ரவர்த்தியைத் தொலைக்காட்சிகள் விசாரித்து முடித்து, தண்டனையும் கொடுத்துவிட்டன. செப்டம்பரில் போதைப்பொருள் வழக்கில் கைது, பைகுல்லா சிறையில் 28 நாள். ஜாமீன் விசாரணையில் அரசுத் தரப்பு, இளைஞர்களுக்குப் பாடமாகப் பிரபலங்களைக் கடுமையாக நடத்தவேண்டும் என்றே வாதிட்டது. நீதிபதி சாரங் கோத்வால் ஒப்புக்கொள்ளவில்லை. பிரபலம் என்பதால் சலுகையும் இல்லை, கூடுதல் பாரமும் இல்லை என்பது அவர் முடிவு. சுஷாந்த் மரணம் பற்றிய வழக்கை 2025 மார்ச்சில் சி.பி.ஐ. முடித்துக்கொண்டது. 2021 அக்டோபரில் கைதான ஷாருக் கானின் மகன் ஆர்யன் கானிடம் போதைப்பொருள் எதுவுமே சிக்கவில்லை, ஆனாலும் நான்கு வாரம் உள்ளே. 2022 மே மாதம் அவர் மீது போதிய ஆதாரமில்லை என்று விட்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் இதற்கெல்லாம் முன்னோடி எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதானவர்கள் 1947இல்தான் விடுதலையானார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வசதியிருந்ததால் பிழைத்தார்கள் என்பது உண்மை. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய சிம்மாசனம் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை.

ஆக, புகழ் ஒரே திசையில் வேலை செய்வதில்லை. கைதின்போது அது எதிரி, ஏனென்றால் கேமரா இருக்கிறது. கேமரா போன பிறகு, சிறைக்குள்ளேயும் மேல்முறையீட்டிலும், அது நண்பன். பெங்களூரில் நடந்தது இதற்கு அண்மை உதாரணம். சித்ரதுர்காவைச் சேர்ந்த ஒரு ரசிகரைக் கடத்திக் கொன்ற வழக்கில் 2024 ஜூனில் கைதானார் கன்னட நடிகர் தர்ஷன். இரண்டு மாதத்தில் பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து ஒரு படம் கசிந்தது: திறந்த வெளியில் நாற்காலி, ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் சிகரெட், சுற்றிலும் பேட்டை ரவுடிகள். சிறை அதிகாரிகள் பலர் சஸ்பெண்ட் ஆனார்கள், தர்ஷன் பல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். அக்டோபரில் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கென்று இடைக்கால ஜாமீன், டிசம்பரில் முழு ஜாமீன்.

2025 ஆகஸ்ட் 14இல் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது. மருத்துவக் காரணத்தில் உண்மையில்லை என்றும், செல்வாக்குள்ளவர் வெளியே இருந்தால் சாட்சிகள் என்னவாவார்கள் என்றும் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் கேட்டார்கள். அவர் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல. விசாரணைதான் முடிவு சொல்லவேண்டும். சிறையில் நட்சத்திர உபசாரம் நடப்பதாகத் தெரியவந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆவது சிறைக் கண்காணிப்பாளர் என்று எச்சரித்த நீதிபதிகள், தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும், மாநில அரசுகள் மூலமாக நாட்டின் எல்லாச் சிறைக் கண்காணிப்பாளர்களுக்கும் அனுப்பச் சொன்னார்கள். அன்றைக்கே தர்ஷனை போலீஸ் மறுபடி கைது செய்து பரப்பன அக்ரஹாராவில் கொண்டுபோய் விட்டது.